கேட்பது ஒன்று, சொல்வது ஒன்று

நடவு வயலில் நிற்கும்போது கையெல்லாம் சேறு. போனைத் தொடாமல் வாயால் கேட்டால் போதும் என்றுதானே இந்தக் குரல் உதவியாளர்களை விற்கிறார்கள்? 2011-ல் ஐபோனில் சிரி வந்ததிலிருந்து இதே பாட்டுதான். எங்கள் வீட்டில் இரண்டு போட்டிக் கம்பெனிகளின் போனும் உண்டு, பெயர் வேண்டாம்.

"பாபநாசத்தில் இன்னிக்கு மழை வருமா?" என்றால், என்னுடையது நேராகத் திருநெல்வேலி பாபநாசத்துக்குப் போய்விடுகிறது. அட, நான் நிற்பது கும்பகோணத்துக்குப் பக்கத்துப் பாபநாசம்! லொகேஷனும் ஆன் செய்துதான் இருக்கிறது. தம்பியின் போன் ஊரைச் சரியாகப் பிடிக்கிறது, சரி. ஆனால் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். பக்கத்தில் மோட்டார் ஓடினால் அதுவும் இல்லை.

மேட்டூர் நீர்மட்டம் கேட்டேன். ஒன்று அணையின் வரலாறு வாசிக்கிறது: 1934-ல் கட்டி முடித்தார்களாம், முழு நீர்மட்டம் 120 அடியாம். டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். இன்றைக்கு எத்தனை அடி என்பதல்லவா கேள்வி? இன்னொன்று மேட்டூருக்கு வழி காட்டக் கிளம்பிவிட்டது. கடைசியில் வரப்பில் வந்த பெரியப்பாதான் அடிக்கணக்குச் சொன்னார்.

இதில், கூப்பிடாமலே டிவி சத்தத்துக்கு "சொல்லுங்கள்" என்று விழித்துக்கொள்ளும் தொல்லை வேறு.