காலர் போட்டோவும் என் 'வியாபாரமும்'

நேற்று, கழுத்தில் அடிபட்ட ஒருவர் கழுத்துப் பட்டையோடு (காலர்) போட்ட போட்டோவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு மாசம் கழட்டாதே, அசையாதே" என்று ஆளாளுக்கு அன்பைக் கொட்டினார்கள். "எலும்பு முறிவு இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே, மெதுவா அசைக்க ஆரம்பிக்கலாமே" என்று கேட்டதற்கு எனக்குப் 'பிசியோ வியாபாரி' பட்டம். மிக்க நன்றி. நான் பிசியோதெரபிஸ்ட் இல்லை. பின்னால் வந்த வண்டி இடித்து விப்லாஷ் (கழுத்து சட்டென்று முன்னும் பின்னும் வெட்டி இழுபடும் காயம்) வாங்கியவன்.

மறுபடி சொல்கிறேன். முறிவு இல்லை என்று உறுதியான பிறகும் கழுத்தைக் கட்டிப்போடுவது வைத்தியம் இல்லை. விப்லாஷை ஆராய்ந்த கனடாவின் கியூபெக் நிபுணர் குழு 1995-லேயே இதைச் சொல்லிவிட்டது. 2000-ல் வந்த ஸ்வீடன் ஆய்வில் மெஷினும் இல்லை, மந்திரமும் இல்லை. விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம், பக்கத்துக்குப் பத்து முறை, கழுத்தை மெல்லத் திருப்பச் சொன்னார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ஆறு மாதத்தில் இவர்களுக்கு வலி குறைவு. அதிலும் அடிபட்ட 96 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தவர்களுக்குத்தான் மூன்று வருஷம் கழித்தும் கழுத்து சரியாகத் திரும்பியது.

"அசைச்சு நரம்பு போயிட்டா?" நியாயமான பயம். கை மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, பின்கழுத்தின் நடு எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, வயது 65 தாண்டியிருந்தாலோ முதலில் டாக்டர்தான். யார் இல்லையென்றது? "லான்செட் மருத்துவ இதழ்ல வந்த 2013 ஆய்வுல பிசியோவுக்குப் பெரிய லாபமில்லையே?" சரி, அதில் லாபம் கொஞ்சம்தான். அதற்காகச் சும்மா படு என்றா அவர்கள் சொன்னார்கள்? "நீ என்ன டாக்டரா?" இல்லை. ஒரு மாசம் கணக்குச் சொன்ன நீங்கள்?

எனக்கும் இப்படித்தான் வாரக்கணக்கில் காலர் மாட்டிவிட்டார்கள். பிறகு பிசியோ அறையில் தாடையைத் தோளுக்குக் கொண்டுவரச் சொன்னபோது பாதியிலேயே நின்றுவிட்டது. நான் திருப்பியதாக நினைத்தது கழுத்தை, திரும்பியது தோள். இன்றைக்கும் காரை ரிவர்ஸ் எடுக்க யாராவது இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலர் இருந்தவரை "ஐயோ பாவம்" என்றவர்கள், கழட்டியதும் "எக்ஸ்ரே நல்லாத்தானே இருக்கு, இன்சூரன்ஸுக்கு நடிக்கிறான்" என்றார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. சொந்தக்காரர் ஒருவர் என் எதிரிலேயே கேட்டார். கோபத்தில் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொள்ளக்கூட முடியவில்லை. மொத்த உடம்போடுதான் திரும்பினேன். அதற்கும் சிரித்தார்.