செட்டிநாட்டு வீட்டுல தூணை மட்டும் பாத்துட்டு வர்றவங்களுக்கு

புதுசா ஃப்ளாட் வாங்கி இன்டீரியர் பண்ணப்போற யாரைப் பாத்தாலும் போன்ல ஒரு ஆல்பம் வெச்சிருக்காங்க. பின்ட்ரெஸ்ட்ல இருந்து கொஞ்சம், ரீல்ஸ்ல இருந்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட் கொஞ்சம். அதுல நம்ம ஊர் ஆளுங்க ஆல்பமா இருந்தா பாதிக்கு மேல செட்டிநாட்டு வீடுங்கதான், தூண், பெரிய கதவு, கலர் கண்ணாடி, பூப்போட்ட தரை. அதைக் கொண்டுபோய் டிசைனர்கிட்ட காட்டி இந்த லுக் வேணும்னு சொல்றாங்க, அவரும் சரின்னு செஞ்சு குடுத்துடறாரு, கடைசில என்ன வருதுன்னா டிவி யூனிட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு மரத்தூண், மேல ஃபால்ஸ் சீலிங், அதுல வரிசையா எல்இடி, கீழ முகம் தெரியற மாதிரி பளபளன்னு விட்ரிஃபைடு டைல்ஸ். தூண் நிஜமான பர்மா தேக்கா கூட இருக்கும். ஆனா செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான்ல ஒரு வளவுல, அதாவது முற்றமும் அதைச் சுத்தி தூண் வெச்ச தாழ்வாரமும் இருக்குற நடு இடத்துல, நின்னப்போ மனசுக்குள்ள ஒரு அமைதி வந்துச்சே, அது இங்க வரமாட்டேங்குது.

ஏன் வரலைன்னு எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஒரு அழகான ரூமுக்குள்ள போனா நம்ம கண்ணு முதல்ல பொருள் மேலதான் போகும், நாற்காலி, சரவிளக்கு, கண்ணாடி. பொருளைத்தான் போட்டோ எடுப்போம், அது எந்தக் கடைல கிடைக்கும்னு தேடுவோம். நான் சொல்றது, பொருளைக் கடைசியாப் பாருங்க. முதல்ல தரையைப் பாருங்க, அப்புறம் வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க, அப்புறம் அந்த ரூம்ல எவ்வளவு இடம் சும்மா விட்டிருக்காங்கன்னு பாருங்க. இந்த மூணையும் பாத்துட்டு வந்தா உங்க ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு எடுத்துட்டு வர்றதுக்கு நிறைய இருக்கு. இதை விட்டுட்டு தூணை எடுத்துட்டு வந்தா அது வெறும் தூண்தான்.

தரையில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாருக்கும் தெரியும், ஆனா அதை எப்படி செய்றாங்கன்னு நேர்ல பாக்காதவங்க ஒரு தடவையாவது போய்ப் பாத்துடுங்க, காரைக்குடில இருந்து பக்கம்தான். ஒரு கண்ணாடித் துண்டு, அதுமேல ஒரு இரும்புச் சட்டம், அதுக்குள்ள டிசைன் அச்சு. கலர் ஆக்சைடு கலந்த சிமெண்டுக் கரைசலை சின்னக் கரண்டியால மொண்டு அந்தக் கட்டம் கட்டமா ஊத்துறாங்க, அச்சை மெதுவா மேல தூக்கினதும் கலர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலக்காம அப்படியே நிக்குது, பாக்கவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் பாக்கணும். அதுமேல உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் கலவையை வெச்சு தட்டி மட்டம் பண்ணி காயவைக்கிறாங்க, அப்புறம் தொட்டில தண்ணிக்குள்ள போட்டு ஊறவைக்கிறாங்க. சூளையே கிடையாது, நெருப்பே கிடையாது. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருதுன்னா அடில இருந்த கண்ணாடில இருந்து. கண்ணாடி வழவழப்பு அப்படியே டைல் மேல இறங்கிடுது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. சிமெண்டுல கலர் டைல் செய்றது ஐரோப்பாக்காரங்க முறைதான், அங்க அதை பிரஸ்ல வெச்சு அழுத்தி செய்வாங்க. நம்மாளுங்க கப்பல்ல வந்து இறங்கின டைல்ஸைப் பாத்தாங்க, இது நமக்கும் வேணும்னு நெனச்சாங்க, ஆனா பிரஸ்ஸுக்குப் பதிலா கண்ணாடி, கூட உள்ளூர் மணல், உள்ளூர் ஆள், இப்படி அவங்க கையில இருந்ததை வெச்சு வேற ஒண்ணா ஆக்கிட்டாங்க. ஒரு அழகைப் பாத்து நம்ம வீட்டுக்குக் கொண்டுவர்றதுன்னா இப்படித்தான் கொண்டுவரணும்னு நான் நெனைக்கிறேன். 

அந்த டைல்ஸை எப்படி பதிச்சிருக்காங்கன்னும் கவனிங்க. சும்மா சுவத்துக்கு சுவர் ஒரே டிசைனை ஓடவிடறதில்ல, பாய் விரிச்ச மாதிரி நடுவுல ஒரு டிசைன், சுத்தி பார்டர், பார்டருக்கு வெளில பிளெயின் கலர். அதனால ரூம்ல ஒரு சாமானும் இல்லைன்னா கூட ரூம் நிறைஞ்சு தெரியும். நம்ம என்ன பண்றோம், அந்த டைல்ஸை ஆசையா வாங்கிப் பதிச்சு அதுமேலயே எல் ஷேப் சோபாவைப் போட்டு மூடிடறோம். ஃப்ளாட்ல வீடு முழுக்க போட பட்ஜெட் இருக்காது, தேவையும் இல்ல, பூஜை ரூம்லயோ பால்கனில காத்து வாங்க உக்கார்ற இடத்துலயோ வாசல் திறந்ததும் கால் வைக்கிற அந்த நாலடி இடத்துலயோ பார்டரோட போட்டா போதும். மத்த இடத்துக்கு நல்ல மேஸ்திரி கிடைச்சா ரெட் ஆக்சைடு போடலாம், விரிசல் விடும்னு பயப்படறவங்க பித்தளை ஸ்ட்ரிப்பு வெச்சு பேனல் பேனலா பிரிச்சுப் போடச் சொல்லுங்க, அது பாக்கவும் அழகு.

அடுத்து வெளிச்சம். இந்த வீடுங்க எல்லாம் பெரும்பாலும் 1850ல இருந்து 1940கள் வரைக்கும் கட்டினது, கரண்டை நம்பிக் கட்டினது இல்ல. திண்ணை, முன்கூடமான முகப்பு, வளவு, அதுக்குப் பின்னால ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு வரிசையா ஒரே நேர்கோட்டுல போகும், தலைவாசல்ல நின்னா கடைசிக் கதவு வரைக்கும் தெரியும். அப்படி பாக்கும்போது என்ன தெரியுதுன்னா ஒரு இருட்டு, ஒரு வெளிச்சம், மறுபடி ஒரு இருட்டு, மறுபடி ஒரு வெளிச்சம். வெளிச்சம் எல்லாம் முற்றத்துல மேல இருந்து இறங்குது, அது தரைல பட்டு திரும்பி, சுத்தி இருக்குற தாழ்வாரத்துக்குள்ள வர்றதுக்குள்ள மெத்துன்னு ஆயிடுது. முகப்புல கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கும், அது குறை இல்ல, வெயில்ல இருந்து உள்ள வர்றவங்க கண்ணுக்கு அந்த இருட்டுதான் முதல் உபசாரம்.

நம்ம வீட்டுல நிழல்னாலே ஆகாது. மூலைக்கு மூலை லைட், அதுவும் 6500 கெல்வின் வெள்ளை லைட், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. பத்தடி கூட இல்லாத சீலிங்ல அரையடியை ஃபால்ஸ் சீலிங்குக்குக் குடுத்துடறோம், அந்த லைட்டை மாட்றதுக்காகவே. தயவுசெஞ்சு ஹால்ல மட்டுமாவது ஃபால்ஸ் சீலிங்கை விட்டுடுங்க. அந்தக் காசுல 2700 இல்லன்னா 3000 கெல்வின்ல, அதாவது மஞ்சள் வெளிச்சத்துல, ரெண்டு சுவர் விளக்கும் தரைல நிக்கிற விளக்கு ஒண்ணும் வாங்கி ராத்திரில அதை மட்டும் போட்டுப் பாருங்க. பகல்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு பாத்து அதுக்கு எதிர்ச் சுவத்துல ஒரு பெரிய கண்ணாடி மாட்டுங்க, அந்த மாளிகைங்கள்ல இருக்குற மாதிரி பெல்ஜியத்துல இருந்து வரணும்னு இல்ல, உங்க தெருக்கோடி கண்ணாடிக் கடைல வெட்டி பழைய மரச்சட்டம் போட்டா போதும், ஒரு ஜன்னல் ரெண்டு ஜன்னல் ஆயிடும்.

சுவரைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். செட்டிநாட்டுப் பூச்சுல சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேரும், கோட்டு மேல கோட்டா பூசி கடைசில கல்லால தேய்ச்சு மெருகேத்துவாங்க. தொட்டா பளிங்கு மாதிரி ஜில்லுனு இருக்கும். அதை ஃப்ளாட்ல பண்ண முடியாது, பண்றேன்னு சொல்றவங்க போடற விலை கட்டுப்படியாகாது. ஆனா அந்த சுவர்ல இருந்து கத்துக்கிறதுக்கு ஒண்ணு இருக்கு. அது வெள்ளை, அவ்வளவுதான். தரையும் கதவும் பேசும்போது சுவர் சும்மா இருக்கு. நம்ம ஒரு சுவத்துக்கு டெக்ஸ்சர் பெயிண்ட், ஒரு சுவத்துக்கு வால்பேப்பர், டிவிக்குப் பின்னால லூவர் பேனல்னு நாலு சுவத்தையும் ஒரே நேரத்துல பேசவிடறோம்.

படம் மாட்டுறதும் அப்படித்தான். பழைய வீடுங்கள்ல ரவிவர்மா அச்சுப்படம், குடும்பப் படம் எல்லாம் நல்லா உயரத்துல வரிசையா, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு இருக்கும். கீழ பாய்ல உக்காந்திருக்கிறவங்க நிமிந்து பாத்தா தெரியறதுக்கு வசதியா இருக்கும். ஆள் எங்க உக்கார்றாங்களோ அதை வெச்சு படம். நம்ம வீட்டுல நாம சோபாவுல உக்கார்றோம், அப்போ படம் இறங்கி வரணும், ஆனா முக்கால்வாசி வீட்டுல நின்னு ஆணி அடிச்சவர் கைக்கு எட்டின உயரத்துல தொங்குது.

இனிமே சொல்றதுதான் ரொம்ப முக்கியம்னு நெனைக்கிறேன், யாரும் போட்டோ எடுக்காத விஷயம். வளவைச் சுத்தி இருக்குற ரூமுங்களை இரட்டை வீடுன்னு சொல்வாங்க, கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு. உள்ள போய்ப் பாத்தா சின்னதா இருக்கும், அவ்வளவு பெரிய மாளிகைல இவ்வளவு சின்ன ரூமான்னு ஆச்சரியமா இருக்கும். சாமான், சீர் பாத்திரம், பெட்டி எல்லாம் அதுக்குள்ள பூட்டி இருக்கும். அழகு முழுக்க எல்லாரும் சேர்ந்து இருக்குற இடத்துக்குக் குடுத்திருக்காங்க, முகப்புக்கு, பட்டாலைங்கிற கூடத்துக்கு, வளவுக்கு. நம்ம தலைகீழா பண்றோம், மாஸ்டர் பெட்ரூமுக்கு வாக் இன் வார்ட்ரோப், குஷன் வெச்ச கட்டில் தலைமாடு, மூணு லட்சம். ஹால்ல ஷூ ஸ்டாண்டும் அயர்ன் பண்ற துணியும் பிள்ளைங்க சைக்கிளும். வளவு ஏன் அவ்வளவு அழகா இருக்குன்னா சாமானுக்கு வேற இடம் இருக்கு. அதனால யாராவது ஹாலை அழகாக்கணும்னு என்கிட்ட கேட்டா முதல்ல ஸ்டோர் ரூம் இருக்கான்னுதான் கேப்பேன். இல்லைன்னா பெட்ரூம்ல ஒண்ணரை அடி ஆழத்துக்கு தரைல இருந்து சீலிங் வரைக்கும் மூடின அலமாரி போட்டு எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளுங்க, சோபா செலக்ட் பண்றதெல்லாம் அப்புறம்.

சரி, தூணுக்கு வர்றேன். காரைக்குடில முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய பொருள் கடைங்க இருக்கு, போனவங்களுக்குத் தெரியும். கதவு நிலை, தூண், ஜன்னல், எனாமல் பாத்திரம், சாமி படம் எல்லாம் குமிஞ்சு கிடக்கும். நிலைல செதுக்கின லட்சுமி தரையில சாஞ்சு நிக்கிறதைப் பாத்தா எனக்கு வயித்தை என்னமோ பண்ணும். அந்த மரம் பர்மால இருந்து கப்பல்ல வந்தது, 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதுக்கப்புறம் அந்த வியாபாரமும் சொத்தும் போச்சு, வீடு மட்டும் மிஞ்சுச்சு. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிங்க, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் அமெரிக்கா, ஓடு மாத்தவே லட்சக்கணக்குல ஆகும், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது, விக்கிறவங்க கஷ்டம் அவங்களுக்கு. ஆனா வாங்குறவங்க நாம யோசிக்கலாம் இல்ல? 2014ல இந்த ஊருங்களை இந்தியா யுனெஸ்கோவோட உலக பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல சேத்திருக்கு, இந்தப் பக்கம் வீட்டைப் பிரிச்சு லாரில ஏத்திக்கிட்டு இருக்காங்க. டிவி யூனிட்டுக்குப் பக்கத்துல நிக்கவைக்க நாம தூண் கேட்கக் கேட்க, நிக்கிற வீட்டை விட பிரிச்ச வீட்டுக்கு மதிப்பு ஏறிக்கிட்டே போகும்.

இலங்கை ஆர்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா பழைய தூணை எடுத்து வெக்கலையான்னு ஆர்கிடெக்ட் ஃப்ரெண்ட்ஸ் கேப்பாங்க. செஞ்சிருக்காரு, கொழும்புல 33வது லேன்ல அவரோட சொந்த வீடு நம்பர் 11ல செட்டிநாட்டுத் தூணுங்க இருக்கு. வரிசையா இருந்த 4 சின்ன வீட்டை ஒண்ணொண்ணா வாங்கி சேர்த்துக் கட்டின வீடு அது. ஆனா அங்க அந்தத் தூண் எப்படி நிக்குதுன்னு பாருங்க. நீளமா ஒரு வெள்ளை நடை, அது முடியற இடத்துல மேல வானம் தெரியற சின்ன முற்றம், தண்ணி, அங்க தூண். அதுக்கு வேண்டிய வெளிச்சத்தையும் காலி இடத்தையும் முதல்ல அமைச்சுட்டாரு. தூணே இல்லைன்னாலும் அந்த இடம் அழகாத்தான் இருந்திருக்கும்.

அதனால என் வேண்டுகோள், செட்டிநாட்டு அழகு உங்க வீட்டுல வேணும்னா இன்னைக்கு உயிரோட வேலை செஞ்சுக்கிட்டு இருக்குற கைங்களுக்குக் காசு குடுங்க. ஆத்தங்குடில டைல் ஊத்துறவங்க இருக்காங்க, பனை ஓலைல கொட்டான்ங்கிற கூடை முடையற பொம்பளைங்க இருக்காங்க, காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, அந்தக் கட்டம் போட்ட துணியில ஜன்னல் திரை தச்சுப் பாருங்க, அரக்கும் கடுகு மஞ்சளும் மாலை வெயில்ல எப்படி இருக்கும்னு. கீழ உக்கார பத்தமடைப் பாய் ஒண்ணு. ஊஞ்சல் வேணும்னா புதுப் பலகை வாங்கி நல்ல ஆசாரிகிட்ட குடுத்து செய்யச் சொல்லுங்க, மாட்டுறதுக்கு முன்னாடி சீலிங்ல கொக்கி தாங்குமான்னு இன்ஜினியரைக் கேட்டுக்கோங்க.

அந்தப் பக்கம் போறவங்க ஒரு நாள்ல பத்து வீடு பாக்காதீங்க. உள்ள விடற வீடு ஒண்ணோ ரெண்டோ போதும், கட்டணம் கேட்டா பேரம் பேசாம குடுங்க, அதுலதான் அந்த வீடு நிக்குது. வளவுல ஒரு ஓரமா அரைமணி நேரம் உக்காருங்க, முற்றத்து வெயில் எந்தத் தூணுல இருந்து எந்தத் தூணுக்கு நகருதுன்னு பாருங்க, போன் பைக்குள்ள இருக்கட்டும். வேணும்னா ஒரு டேப் எடுத்துட்டுப் போய் பார்டர் எத்தனை இஞ்ச், ஜன்னல் தரைல இருந்து எவ்வளவு உயரம்னு கேட்டுட்டு அளந்து எழுதிக்கோங்க, போட்டோவை விட அந்த அளவு ரொம்ப உதவும்.

ஆத்தங்குடி போட்டவங்களுக்கும் போடப்போறவங்களுக்கும் ஒண்ணு. ஃப்ளாட் வேலை முடிஞ்சதும் கிளீனிங்க்கு வர்ற ஆளுங்க ஆசிட்டை ஊத்திதான் தரையைக் கழுவுவாங்க, விடவே விடாதீங்க, அது சிமெண்டு, ஆசிட் பட்டா கலரும் பளபளப்பும் அன்னைக்கே போயிடும். பதிச்சு காஞ்சதும் உமியும் தேங்கா எண்ணெயும் போட்டுத் தேய்ச்சு எடுக்கச் சொல்லுங்க, அப்புறம் தினமும் வெறும் ஈரத்துணி, எப்பவாச்சும் துணியில ஒரு சொட்டு தேங்கா எண்ணெய். நடக்க நடக்க மின்னும்.