சரி செய்கிற செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாமா?

"இதைச் சரி பண்ற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்." எந்தப் பொருள் பழுதானாலும் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எந்தப் பாகம் போயிருக்கிறது என்று பார்க்காமலேயே போடுகிற கணக்கு இது.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா? பெரும்பாலும் மோட்டாரில் கோளாறு இருக்காது, மோட்டாருக்கு உந்துதல் தரும் சிறு பாகமான கப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். சுவிட்ச் போட்டதும் உறுமிக்கொண்டு நின்று, கையால் தள்ளினால் மட்டும் சுற்றுகிற விசிறிக்கும் அனேகமாக அதே காரணம்தான். மிக்சி மோட்டார் ஓடுகிறது, ஜாரில் பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்தும் கப்ளரின் பற்கள் தேய்ந்திருக்கும். தேய்ந்தால் கழற்றி மாற்றுவதற்கென்றே அதைத் தனிப் பாகமாக வைத்திருக்கிறார்கள். அதற்காக மிக்சியையே தூக்கிப்போடுகிறோம்! எல்.இ.டி. பல்பும் அப்படித்தான். பல நேரம் உள்ளே இருக்கும் விளக்குகள் நன்றாகவே இருக்கும், அவற்றுக்கு மின்சாரம் தரும் டிரைவர்தான் செத்திருக்கும்.

சரி, எல்லாவற்றையும் சரி செய்ய வேண்டுமா? இல்லை. உப்பிப்போன பேட்டரியையும் விரிசல் விட்ட குக்கரையும் வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது. ஆனால் நல்ல பொருள் வீணாவதற்கு நம் சோம்பல் மட்டுமே காரணமில்லை. ஸ்க்ரூ இருந்த இடத்தில் பசை வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் பேட்டரியை ஒட்டிவிடுகிறார்கள், உதிரி பாகம் தருவதில்லை, பழுது பார்க்கும் குறிப்பேட்டையும் வெளியில் விடுவதில்லை. திறக்கவே முடியாதபடி செய்துவிட்டு, "சரி செய்ய முடியாது" என்று நம்மிடம் சொல்வது அநியாயம். எனக்கு உண்மையான கோபம் இங்கேதான்.

இதை மாற்ற முடியும். பிரான்சில் 2021 ஜனவரியில் கைபேசி, மடிக்கணினி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்ற விதி வந்தது. அதே ஆண்டு மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம், வாஷிங் மெஷினின் முக்கிய உதிரி பாகங்கள் குறைந்தது 10 ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்று விதி வைத்தது. 2027 பிப்ரவரியிலிருந்து அங்கே விற்கும் பெரும்பாலான சிறு சாதனங்களில், வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். கம்பெனிகள் தாமாக மனம் மாறி வந்தவை இல்லை இவை. மக்கள் கேட்டுக் கேட்டு வந்தவை.

2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால்பங்குகூட இல்லை. "மறுசுழற்சிக்குத்தானே போகும்" என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அவ்வளவுதான்.

அதனால் நான் இப்போதெல்லாம் எதை வாங்கும்போதும் மூன்று கேள்வி கேட்கிறேன். சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திறக்க முடியுமா? பேட்டரியைத் தனியாக மாற்றலாமா? உதிரி பாகம் எத்தனை வருடம் கிடைக்கும்? விற்பவருக்குப் பல நேரம் பதில் தெரிவதில்லை, விசாரித்துச் சொல்லச் சொல்கிறேன். நீங்களும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருவதற்குள் அவர் பதிலைத் தெரிந்து வைத்திருப்பார்.