நாலு பேருக்கு முன்னால் ஒருவர் இருந்தார்

வார்னர் பிரதர்ஸ் என்றதும் பக்ஸ் பன்னி ஞாபகம் வரும், பேட்மேன் வரும், படம் தொடங்கும் முன் திரையில் தெரியும் அந்தக் கேடயம் வரும். ஹாரி, ஆல்பர்ட், சாம், ஜாக் என்று நான்கு சகோதரர்கள் என்பதும் சினிமா பைத்தியங்களுக்குத் தெரியும். அவர்களைப் பெற்றவர்? "போலந்திலிருந்து வந்த செருப்பு தைக்கிறவர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லாரும் ஹாலிவுட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பெஞ்சமின் வார்னரின் ஊர் கிராஸ்னோசியெல்ட்ஸ். வார்சாவுக்கு வடக்கே உள்ள சிற்றூர். போலந்து என்று நாம் சொல்கிறோமே தவிர, அந்தக் காலத்து வரைபடத்தில் அப்படி ஒரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டு விழுங்கியிருந்தன. அவர் ஊர் ரஷ்ய ஜாரின் பங்கில் இருந்தது. அவர் யூதர் வேறு. 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு யூதர்கள் மேல் நடந்த தாக்குதல்களும், அடுத்த வருடம் வந்த சட்டங்களும் அங்கிருந்த பலரை மூட்டை கட்ட வைத்தன. இவரும் 1880களின் கடைசியில் கப்பலேறி அமெரிக்காவில் பால்டிமோருக்குப் போனார். மனைவியும் பிள்ளைகளும் பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

மொழி தெரியாத ஊரில் கைத்தொழில் தெரிந்தவன் பட்டினி கிடக்கமாட்டான். ஷூவை வாங்கிப் புரட்டினால் போதும், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, எடுத்து அடிப்பது அந்தத் தொழிலின் பழக்கம். வாய் நிறைய ஆணி இருந்தால் ஆங்கிலம் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு!

நடுவில் ஒரு ஆசை. கனடாவில் வேட்டைக்காரர்களிடம் தகரச் சாமான்களைக் கொடுத்துத் தோல் வாங்கி விற்றால் காசு பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, குடும்பத்தோடு போனார். பணம் வரவில்லை, 1892இல் ஜாக் பிறந்ததுதான் மிச்சம். மறுபடி பால்டிமோர், மறுபடி பழைய ஷூ.

1896இல் ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன். வளர்ந்துகொண்டிருந்த இரும்பாலை ஊர். ஆலைத் தொழிலாளியின் பூட்ஸ் என்ன பாடு படும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே முதலில் ஷூ ரிப்பேர் கடை வைத்தது மூத்த மகன் ஹாரி. அப்பா அவனோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். அப்புறம் கடன் வாங்கி மளிகையும் இறைச்சியும் விற்கும் கடை போட்டார்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். சாமுக்கு இயந்திரங்கள் மேல் பித்து. படம் காட்டும் புரொஜெக்டர் ஒன்று, கூடவே 'தி கிரேட் டிரெய்ன் ராபரி' படச்சுருள், விலைக்கு வந்தது. குடும்பத்தில் எல்லாருடைய காசையும் திரட்டியும் போதவில்லை. அப்பா தன் தங்கக் கடிகாரத்தையும், கடைச் சாமான் கொண்டுபோகும் குதிரையையும் அடகு வைத்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவந்த கதை. யோசித்துப் பாருங்கள். ஐம்பதைத் தொடும் வயது, வீடு நிறையப் பிள்ளைகள், சினிமா என்ற சொல்லுக்கே மரியாதை இல்லாத காலம். நானாக இருந்தால் "போய் ஒழுங்காக ஒரு வேலையைப் பார்" என்றிருப்பேன். ஹாலிவுட் வரலாற்றில் முதலீட்டாளர்கள் என்று பெரிய வங்கிகளின் பெயர்களைப் போடுகிறார்கள். அந்தப் பட்டியலின் தலைப்பில் இந்தக் கடிகாரத்தையும் குதிரையையும் போட்டால் என்ன?

அதன் பிறகு பென்சில்வேனியாவின் நியூ காசிலில் 'காஸ்கேட்' என்று ஒரு சின்னத் தியேட்டர். நாற்காலிகள் பக்கத்தில் இறுதிச் சடங்கு நடத்துபவரிடம் இரவல் வாங்கியவை என்பார்கள். ஊரில் சாவு விழுந்தால் நாற்காலிகள் அங்கே போய்விடுமாம். 1923இல் கம்பெனி. 1927 அக்டோபர் 6இல் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியாகி சினிமா பேச ஆரம்பித்தது. அதற்காக மன்றாடிய சாம் அதற்கு முந்தின நாள் இறந்துபோனான். நாற்பதாவது வயது. கையால் பிழைத்த அப்பாவின் பிள்ளைகளில் இயந்திரத்தைத் தொட்டுப் புரிந்துகொண்டவன் அவன்தான். பெற்றவர் அதற்குப் பிறகும் எட்டு வருடம் இருந்தார், 1935 வரை.

ஹாரியைப் பற்றி ஒரு சங்கதி சொல்வார்கள். கம்பெனித் தலைவராகிப் பெரும் பணக்காரரான பின்னும், ஸ்டுடியோவுக்குள் நடந்து போகும்போது கீழே ஆணி கிடந்தால் குனிந்து பொறுக்கிக்கொள்வாராம்.