பெலிசெக்கை வைத்துச் சொல்லும் அரை உண்மை

“நல்ல கோ-ஆர்டினேட்டரைத் தலைமைப் பயிற்சியாளராகப் போட்டால் கோப்பை நிச்சயம், பில் பெலிசெக்கே சாட்சி” என்று அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது. கோ-ஆர்டினேட்டர் என்றால் தாக்குதல் அல்லது தடுப்பாட்டம் என ஒரு பகுதியை மட்டும் நடத்தும் உதவிப் பயிற்சியாளர். அந்தப் பேச்சு பாதிக் கதைதான்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கோ-ஆர்டினேட்டராகத் தடுப்பாட்டத்தை நடத்தி இரண்டு சூப்பர் பௌல் (என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டி) வென்ற பெலிசெக், 1991இல் கிளீவ்லாந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். ஐந்து சீசனில் 36 வெற்றி, 44 தோல்வி. வேலையும் போனது. நியூ இங்கிலாந்து அணியில் தலைமைப் பயிற்சியாளராக அவர் வாங்கிய ஆறு கோப்பைகள் அப்புறம் வந்தவை.

டிக் லெபோ இன்னும் நல்ல உதாரணம். எதிரணி எதிர்பார்க்கும் ஆள் பின்வாங்க, எதிர்பாராத ஆள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) மீது பாயும் ‘சோன் பிளிட்ஸ்’ ஆட்டத்தைப் பரப்பியவர். சின்சினாட்டியின் தலைமைப் பயிற்சியாளராக அவர் கண்டது 12 வெற்றி, 33 தோல்வி. சரி, அணியும் சொத்தைதான். ஆனால் பிட்ஸ்பர்க் அணிக்கு, தடுப்பாட்டக் கோ-ஆர்டினேட்டர் என்ற பழைய வேலைக்கே திரும்பியபின் 2005, 2008 சீசன்களில் கோப்பை!

கோ-ஆர்டினேட்டருக்குப் பாதி அணிதான் பொறுப்பு. தலைமைப் பயிற்சியாளருக்கு நான்காவது டவுனில் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் கடைசி முயற்சியில்) துணிவதா, டைம்-அவுட்டை எப்போது எடுப்பது, எந்த உதவியாளரை நீக்குவது என எல்லாமே தலைவலி.

அதற்காக, கோ-ஆர்டினேட்டர்கள் தேறமாட்டார்கள் என்பதும் தவறு. பெலிசெக் கடைசியில் தேறினாரே. மறுபக்கம், மூன்று சூப்பர் பௌல் வென்ற ஆண்டி ரீட், 1999இல் ஃபிலடெல்ஃபியாவின் தலைமைப் பயிற்சியாளராகும் முன் என்எஃப்எல்லில் கோ-ஆர்டினேட்டராக இருந்ததே இல்லை.