நாயின் மூக்கைத் தொட்டால் காய்ச்சல் தெரியுமா?

நாயின் மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டெல்லியில் எங்கள் மயூர் விகார் பக்கம் பலரும் இதையே சொல்கிறார்கள். அப்படி இல்லை சார். தூங்கும்போது நாய் மூக்கை நக்காது, அதனால் காய்ந்துவிடும். டெல்லியின் மே மாத லூ என்கிற அனல் காற்றில் கேட்கவே வேண்டாம். மதியம் தூங்கி எழுந்ததும் தொட்டுப் பாருங்கள், தண்ணீர் குடித்தபின் இன்னொரு முறை தொடுங்கள். அதற்குள் காய்ச்சல் வந்து போய்விடுமா என்ன?

எனக்குக் கவலை மறுபக்கம்தான். மூக்கு ஈரமாக இருக்கிற நாய்க்கும் உடம்பு கொதிக்கலாம். நம்பகமான வழி டிஜிட்டல் தெர்மாமீட்டர். நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் மெதுவாக ஓர் அங்குலம் விட்டு, பீப் சத்தம் வரும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். (அதை நாய்க்கென்றே தனியாக வைத்துவிடுங்கள், சரியா?) 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. நமக்குத்தான் அது காய்ச்சல். வெயிலில் இருந்த நாய்க்கு 104 தாண்டினால் உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்று படவைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.