இறுக்கிய பையன் மேல் பழி போடாதீர்கள்

அந்த உடைந்த போல்ட் படத்தைப் போட்டதிலிருந்து ஒரே பதில்தான் வந்துகொண்டிருக்கிறது: "பிட்டர் ஓவரா டைட் பண்ணியிருப்பான்." இல்லைங்க. இறுக்கியவன் தப்பு இல்லை.

12.9 கிரேடு போல்ட், அதாவது ரொம்பக் கடினமான, வலுவான ரகம். சனிக்கிழமை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, சொன்ன அளவுக்குத்தான் இறுக்கினான். திங்கள் காலை ஷட்டரைத் திறந்தால் தலை தனியாகத் தரையில் கிடக்கிறது. ஓவர் டைட் என்றால் இறுக்கும்போதே இழுபட்டு, கழுத்து மெலிந்து அறுந்திருக்கும். யாரும் தொடாமல் ஒன்றரை நாள் கழித்தா உடையும்? உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். கற்கண்டை உடைத்த மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. இழுபட்ட தடமே இல்லை.

அது ஹைட்ரஜன் செய்த வேலை. துரு போக ஆசிட்டில் முக்கும்போதும், துரு பிடிக்காமல் இருக்க ஜிங்க் பூசும் பிளேட்டிங் தொட்டியில் கரண்ட் கொடுக்கும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். மிகச் சின்ன அணு அது. போல்ட்டை இறுக்கியதும் இழுவிசை அதிகமான இடத்தில் போய்ச் சேர்ந்து மெல்ல விரிசல் விடும். எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு ஆபத்து. அதனால்தான், புகுந்த ஹைட்ரஜன் வெளியேற, பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி பக்கம் ஓவனில் மணிக்கணக்கில் வைக்கச் சொல்கிறார்கள். அந்த பேட்சை ஓவனில் எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்ற சார்ட்டைக் கேட்டேன். இன்னும் வரவில்லை.

"ஓவனுக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது?" என்கிறார் ஒரு நண்பர். செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். ரேட்டில் சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் 12.9-க்கு இந்த பிளேட்டிங் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"இதெல்லாம் புத்தகத்தில்தான்" என்கிறார் இன்னொருவர். 2013-இல் சான் பிரான்சிஸ்கோ பே பிரிட்ஜில் 3 அங்குலக் கனமுள்ள 96 ராடுகளை இறுக்கினார்கள். சில நாட்களில் 32 உடைந்தன. விசாரணையில் ஹைட்ரஜன் என்றுதான் வந்தது. அங்கேயும் இறுக்கியவர்களா காரணம்?

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இதே மாதிரி ஒரு போல்ட் உடைந்து, மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். சரியாகத்தான் இறுக்கினேன் என்று சொன்னேன், யாரும் கேட்கவில்லை. வீட்டில் சொல்லக்கூட வெட்கம். உடைந்த துண்டை எடுத்துப் பார்க்க அன்று ஒரு ஆள் இல்லை. இன்றும் துண்டைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

இன்று காலை அந்தத் தம்பி ஒவ்வொரு போல்ட்டை இறுக்கியதும் நிறுத்தி, ரெஞ்ச்சை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறான். "அண்ணே, நீங்களே பாத்துக்கோங்க."